காவேரி அட்டையின் கடைசி வரி

1. மூன்று முட்டை

இருபத்துமூன்று மார்க்கை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டிருக்கிறேன். டிரெயினிங் முடித்து வரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, இந்த கிரேடு முறை ஒன்றும் பிடிபடவில்லை டீச்சர், கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் அந்தச் சண்டையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். சுற்றறிக்கையிலிருந்து ஆரம்பித்தால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசி. ஏற்காட்டுப் பக்கம் மஞ்சக்குட்டைக்கும் தலைச்சோலைக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவில் எங்கள் பள்ளிக்கூடம். மிஷன் பள்ளி. ஐந்தாவது வரைக்கும்தான். ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, இரண்டு பேர். கீழ் மூன்று வகுப்பும் ஹெட்மாஸ்டர் தேவசகாயம் சாரிடம். நாலாவதும் ஐந்தாவதும் என்னிடம். சார் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். மனிதர் தங்கம். ஆனால் சராசரி என்று வந்துவிட்டால் வேதவாக்கு மாதிரி பிடித்துக்கொள்வார். வருஷம் முழுக்க வைத்த பரீட்சை எல்லாவற்றையும் கூட்டி வகுத்து வருவதுதான் நியாயம், அதில் ஏழை பணக்காரன், கோயில் பிள்ளை மலைப் பிள்ளை என்ற பேதமே வராது என்பார்.

அந்த வருஷம் ஐந்தாவதில் காவேரி என்று ஒரு பெண். சேர்வராயன் மலையில் அந்தப் பெயர் நிறைய உண்டு, சேர்வராயன் கோயிலில் சாமி பக்கத்தில் இருக்கும் அம்மன் பெயர் அது. அப்பா இல்லை. அம்மா ராமாயி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஆள். காவேரி ஜூலையில் கணக்கில் இருபது வாங்கினாள். பிறகு மெல்ல மெல்ல ஏறி நவம்பரில் முப்பத்தைந்துக்கு வந்தாள். டிசம்பரிலிருந்து மூன்று மாதம் காப்பிப் பழம் பறிக்க அம்மாவோடு போய்விட்டாள். மூன்று பரீட்சைக்கும் முட்டை. மார்ச்சில் திரும்பி வந்து உட்கார்ந்து, வகுத்தலையும் பின்னத்தையும் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டு எழுபது வாங்கினாள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் இருபத்துமூன்று. ஃபெயில்.

இன்றைக்கு அவளுக்கு வகுக்கத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்கள் சார் என்றேன். தெரியும் என்றார். அப்புறம் எதற்கு ஃபெயில் என்றேன். டிசம்பரில் தெரியாதே என்றார்.

“சார், டிசம்பர்ல தெரியாதது இப்பவும் தெரியாததா ஆயிடுமா? காச்சல் வந்து நல்லாயிட்டவனை, வருஷ சராசரி போட்டு இன்னும் கொஞ்சம் காச்சல் இருக்குன்னு படுக்க வெப்பீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருபத்துமூன்றை எழுதினார். ஏற்காட்டில் சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் ஆறாவதுக்கு எங்கள் பள்ளியில் தேறிய பெண்களை எடுத்துக்கொள்வார்கள். காவேரிக்கு அந்த வருஷம் அது போயிற்று. ராமாயி வந்து, இன்னும் ஒரே ஒரு வருஷம் அனுப்புகிறேன், அதிலும் ஆகாவிட்டால் குடகுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அங்கே இவளையும் முழு ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2. பன்னிரண்டு வரி

லீவில் நான் சேலம் போகவில்லை. குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு உண்மையில் என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். முதலில் வந்தது நாற்பதோ என்னவோ. அடித்து அடித்துப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரிலக்க எண்ணால் வகுப்பது ஒரு வரி. கடிகாரம் பார்த்து நேரக் கணக்குப் போடுவது ஒரு வரி. தன் தேவையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதுவது ஒரு வரி. கடைசி வரி, முன்பு படிக்காத ஒன்றைப் படித்துத் தன் சொந்தச் சொல்லில் பிறருக்குச் சொல்வது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மார்க் கிடையாது. நாலு நிலைதான். ‘இனிமேல்’, ‘துணையோடு’, ‘தனியே’, நாலாவதாக ‘பிறருக்குச் சொல்லித் தருவாள்’. டிசம்பரில் ‘இனிமேல்’ என்று இருந்து மார்ச்சில் ‘தனியே’ ஆகிவிட்டால் பழையதை அழித்துவிடுவேன். கூட்டல் இல்லை, வகுத்தல் இல்லை, ரேங்க் இல்லை. பன்னிரண்டும் ‘தனியே’ ஆனால் தேர்ச்சி.

இன்னொன்றும் வைத்தேன். எந்த வரியையும் நான் போய்க் கேட்க மாட்டேன். எனக்கு வந்துவிட்டது என்று பிள்ளைதான் முதலில் எழுந்து வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நான் சோதிப்பேன். வராவிட்டால் திட்டும் கிடையாது, அடியும் கிடையாது. போய் மறுபடி பழகிவிட்டு வரலாம்.

தேவசகாயம் சார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டோட்டல் எங்கே டீச்சர் என்றார். இல்லை என்றேன். டோட்டல் இல்லாமல் ஒரு அட்டை எதற்கு என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கடைசியில், மேலே அனுப்பும் ரிஜிஸ்டரில் மார்க் பாட்டுக்கு மார்க் இருக்கட்டும், ஐந்தாவது தேர்ச்சியை மட்டும் ஒரு வருஷம் உங்கள் அட்டைப்படி பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்குக் காரணம் காவேரிதான் என்று நினைக்கிறேன். அந்த இருபத்துமூன்று அவருக்கும் தொண்டையில் நின்றிருக்க வேண்டும்.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. வகுப்புக்குள் பனி வந்து உட்கார்ந்துகொள்ளும், பின்பெஞ்சு தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். “டீச்சர், எனக்குக் கடிகாரம் வந்துருச்சுங்க.” இன்னொரு மூலையிலிருந்து, “எனக்குப் பின்னம் வந்துருச்சுங்க.” முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். எந்த மெடலும் எந்த மாலையும் வேண்டாம், அந்த ‘வந்துருச்சுங்க’வை ஒரே ஒரு காலை இன்னொரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

அதைவிட ஆச்சரியம், பொய்யே வரவில்லை. பொய் சொல்லி என்ன லாபம்? வந்துவிட்டது என்று சொன்னால் உடனே செய்து காட்ட வேண்டும். வராவிட்டால் நஷ்டமும் இல்லை. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்வது எங்கள் பரீட்சையைவிடச் சரியாக இருந்தது. உனக்கு என்ன தெரியும் என்று அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. கேட்டதும் சொன்னார்கள்.

3. சுற்று

ஆனால் நான் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். நவம்பர் கடைசியில் பழம் சிவக்க ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் பாதி பெஞ்சு காலி. அடுத்த வாரம் முக்கால்வாசி காலி. போன வருஷங்களில் இவ்வளவு மோசம் இல்லை. பரீட்சைக்குப் பயந்தாவது நடுவில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். எஸ்டேட் வழியில் ராமாயியைப் பிடித்து நிறுத்தி, ஏன் ஒருத்தரும் வருவதில்லை என்று கேட்டேன். அவள் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாமல், சந்தோஷமாகவே பதில் சொன்னாள்.

“நீங்கதானுங்களே டீச்சரம்மா சொன்னீங்க, இப்போ வராட்டி அப்பறம் வந்து பண்ணிக்கலாம்னு. பழுத்ததை இப்போ எடுத்துக்கறது, காயா இருக்கறதை அடுத்த சுத்துக்கு உட்டுடறது. நொம்ப நல்ல ஏற்பாடுங்க. நாங்க எல்லாரும் அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. முதல் சுற்றில் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். சில வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடி வருவார்கள். கடைசிச் சுற்றில் காயோ பழமோ, கிளையில் ஒன்று விடாமல் உருவிவிடுவார்கள். மலையில் எல்லார் வீட்டுக்கும் தெரிந்த இந்த முறையை என் அட்டைக்கும் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். பொருத்தியது ஒன்றும் தப்பில்லை. ஆனால் கடைசிச் சுற்று எப்போது என்று நான் சொல்லவே இல்லை. அதனால் அட்டைக்கு முடிவே கிடையாது என்று எடுத்துக்கொண்டார்கள்.

தேவசகாயம் சார் வந்து எட்டிப் பார்த்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்து, பரீட்சை என்றால் ஒரு பயம் இருக்கும் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆர்மோனியம் வாசிக்கப் போய்விட்டார்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் அம்மாக்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்தேன். அவர்கள் பேச்சிலேயே பேசினேன். முதல் சுற்று கிறிஸ்மஸுக்கு முன்னால், நடுச் சுற்று பொங்கல் கழித்து, கடைசிச் சுற்று மார்ச் முடிவதற்குள், அதற்கு மேல் செடியில் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளையைச் சில நாளாவது முழுசாக அனுப்ப வேண்டும், பழகாமல் எந்தக் காயும் பழுக்காது. இதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வாரம் வரும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். பெஞ்சு மறுபடி நிறைந்தது.

பிள்ளைக்கு மறுபடி மறுபடி வாய்ப்புக் கொடுங்கள் என்று இன்றைக்கு டிரெயினிங்கில் சொல்கிறார்களே, அதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுபடி என்றால் எத்தனை தடவை, எப்போது வரைக்கும் என்பதை முதல் நாளே வீட்டாருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும்.

4. ராமாயி கேட்ட ஒரு வார்த்தை

காவேரி நடுச் சுற்றுக்குள் பதினொரு வரியையும் முடித்துவிட்டாள். பதினொன்றும் ‘தனியே’. வகுத்தலில் அதற்கும் மேலே, ‘பிறருக்குச் சொல்லித் தருவாள்’ என்றே போட்டேன், நாலாவது படிக்கும் பிள்ளைகள் அவளைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். மிச்சம் கடைசி வரி.

அந்த வரியில் அவளுக்கு என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். படிக்கச் சொன்னால் தடங்கலில்லாமல் படிப்பாள். படித்ததைச் சொல் என்றால், புத்தகத்தில் இருந்ததை ஒரு சொல் மாறாமல் அப்படியே ஒப்பிப்பாள். உன் சொல்லில் சொல் கண்ணு என்றால் வாயை மூடிக்கொள்வாள். கெஞ்சினாலும் திறக்காது. ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவி, ஏன் சாமி என்று கேட்டேன்.

“புஸ்தகத்துல இருக்கறதை நான் மாத்திச் சொன்னா தப்புங்களே டீச்சர்” என்றாள்.

அச்சில் வந்ததை மாற்ற நாம் யார் என்ற பயம். அதை ஒரு நாளில் போக்கிவிட முடியாது. மெல்ல மெல்லப் பழக்கினேன். முதலில் நான் பாதி சொல்வேன், மீதியை அவள் சொல்வாள். ‘துணையோடு’ என்று அட்டையில் ஏறியது. மார்ச் முடிவதற்குள் வந்துவிடும் என்று எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

அந்த வருஷம் விளைச்சல் குறைவு. பிப்ரவரியிலேயே எஸ்டேட்டில் கடைசிப் பறிப்பு முடிந்துவிட்டது. குடகில் இன்னும் வேலை இருக்கிறது என்று மேஸ்திரி வந்து ஆள் சேர்த்தார். ராமாயியும் கிளம்பும் கூட்டத்தில் இருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் காவேரியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். நானும் தேவசகாயம் சாரும் வெளியே வந்தோம்.

“ஏனுங்க டீச்சரம்மா, புள்ள பாஸாயிட்டாளுங்களா இல்லீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. பாஸாயிட்டான்னா உங்க ஊட்டுல உட்டுப்போட்டுப் போறேன், ஜூன்ல ஹாஸ்டல்ல சேத்துருங்க. இல்லீனா எங்கூடவே வரட்டும். நான் அங்க, இவ இங்கன்னு சும்மா உட்டுட்டுப் போக முடியாதுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. பாஸ் என்று சொன்னேன். ஒரு வரி பாக்கி இருந்தது உண்மைதான். ஆனால் அதுவும் வந்துகொண்டிருந்தது, என் வீட்டில் இருந்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும். என் வாய் அதைத்தான் சொல்லிற்று, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்.

காவேரி அம்மாவின் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வகுப்பில் எழுந்து நின்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“இல்லீங் டீச்சர். கடைசி வரி எனக்கு இன்னும் வரலீங்.”

ஐயோ, அந்த ஒரு நாள் அவள் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். சொல்லமாட்டாள். வராததை வரவில்லை என்று சொல்வதில் ஒரு அவமானமும் இல்லை என்று ஜூன் மாதத்திலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அவளைப் பொறுத்தவரை அது தோல்வியே இல்லை. பாக்கி இருக்கிற ஒரு வேலை, அவ்வளவுதான். ஆனால் ராமாயியின் காதில் அது ஃபெயில் என்றுதான் விழுந்தது.

சராசரி சாரே முன்னால் வந்தார். அம்மா, நான் ஹெட்மாஸ்டர் சொல்கிறேன், கூட்டி வகுத்துப் பார்த்தாலும் இந்த வருஷம் இவள் பாஸ்தான் என்று அடித்துச் சொன்னார்.

“போன வருசம் தேறலைன்னு சொன்னதும் நீங்கதானுங்க” என்றாள் ராமாயி. “இப்போ புள்ளையே தேறலைங்கறா. எங்க மேல எரக்கப்பட்டு நீங்க சொல்றீங்க. எரக்கத்துல போட்ட பாஸை வெச்சுக்கிட்டு அவ அங்க போயி என்னங்க பண்ணுவா?”

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். மறுநாள் காலை மஞ்சக்குட்டையில் ஜீப் ஏறினார்கள். காவேரியின் அட்டை என்னிடமே நின்றுவிட்டது.

5. குப்பனூர் ரோட்டு வளைவு

அட்டை முறை நின்றுபோகவில்லை. தேவசகாயம் சார் தன் மூன்று வகுப்புக்கும் அதே மாதிரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குடகுக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது நான் ரோட்டோரம் போய் நின்றுகொள்வேன். எதற்கு நிற்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் தக்காளி வாங்க என்பேன். தலைச்சோலைக்காரர்களுக்கு அது பழகிப்போய், தக்காளி வேணுங்களா டீச்சர் என்று கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ராமாயி குடும்பம் வரவில்லை. வேறு எஸ்டேட்டுக்கு மாறிவிட்டார்கள் என்றார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருமே என் பிள்ளைகள்தான் என்று மேடையில் சொல்வார்களே, அப்படியெல்லாம் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அந்த ஒருத்தி ஜூன் வரைக்கும் என் வீட்டில் இருந்திருக்க வேண்டியவள். அவள் போன பிறகும், வந்தால் இருக்கட்டும் என்று ஒரு பாய்கூட வாங்கி வைத்திருந்தேன்.

சில வருஷம் போயிற்று. ஒரு மே மாதம் சேலத்துக்குப் போய்விட்டு, குப்பனூர் வழியாக ஜீப்பில் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். அந்த ரோடு அப்போது ஒரு வண்டிக்குத்தான் அகலம். ஒரு வளைவில் எதிரே மேலிருந்து ஒரு ஜீப் வந்துவிட்டது. திருவிழா முடிந்து இறங்குகிற கூட்டம், உள்ளே அடைத்துவைத்த மாதிரி பெண்கள். யார் பின்னால் எடுப்பது என்று இரண்டு டிரைவருக்கும் வாக்குவாதம். கடைசியில் எங்கள் வண்டி சுவரோரம் ஒதுங்கிக்கொண்டது. அந்த ஜீப் எங்களை உரசுகிற மாதிரி வந்து, சக்கரம் குழியில் மாட்டி, பக்கத்திலேயே நின்றது.

உள்ளே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கையில் கடலை மடித்த பேப்பர். அதில் இருந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கேளுங்க. ஒரு ஊர்ல தபால் பெட்டிக்குள்ள குருவி கூடு கட்டிருச்சாமுங்க. குஞ்சு பொரிச்சுப் பறக்கற வரைக்கும் யாருமே காயிதம் போடாம இருந்தாங்களாம். நல்ல மனசுதான். ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த ஊர்ல யாருக்கும் அவசரமா காயிதம் போட ஆளே இல்ல போலிருக்குது. இருந்திருந்தா குருவியைக் கையில புடிச்சுக்கிட்டுப் போட்டிருப்பாங்க.”

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. நெற்றி மாறவில்லை. காவேரி. படித்ததைத் தன் சொல்லில் சொல்கிறாள், அதற்கு மேல் தன் எண்ணத்தையும் சேர்த்துச் சொல்கிறாள். தப்புங்களே டீச்சர் என்று சொன்ன வாய்!

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதே நேரம் சக்கரம் குழியிலிருந்து ஏறியது, என்ஜின் சத்தத்தில் என் குரல் போய்விட்டது. ஜீப் வளைவில் இறங்கிற்று. நான் டிரைவரை, வண்டியைத் திருப்பு தம்பி என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். இந்த வளைவுல எங்கீங்க டீச்சர் திருப்பறது என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆனாலும் பள்ளிக்கூடம் வருகிற வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். அப்புறம் அழுதேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு நேரே தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். அவர் ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நடந்ததைச் சொல்லி அதை நீட்டினேன். எந்த வருஷக் கணக்கு, எந்த ரிஜிஸ்டர் என்று கேட்பார் என்று நினைத்தேன். உங்கள் காதாலேயே கேட்டீர்களா என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன்.

“அப்போ ‘தனியே’ போட்டிரலாமுங்களா டீச்சர்?”

“இல்லீங்க சார். நாலாவது போடுங்க. ஒரு ஜீப் நெறைய ஆளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தா.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் கையாலேயே ‘பிறருக்குச் சொல்லித் தருவாள்’ என்று எழுதினார். கீழே ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

6. மேஸ்திரி சொன்ன பதில்

அட்டையைக் கொடுக்க ஆள் இல்லை. எந்த எஸ்டேட் என்று ஒருத்தருக்கும் சரியாகத் தெரியவில்லை. அடுத்த பிப்ரவரியில் குடகுக்கு ஆள் கூட்டிப்போக மேஸ்திரி வந்தபோது அவரைப் பிடித்தேன். அங்கே எங்கேயாவது ராமாயி மகள் காவேரியைப் பார்த்தால், டீச்சர் சொன்னார்கள், நீ பாஸ் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். அட்டையைக் கொடுத்தால் வெற்றிலை மடிப்பார் என்று பயந்து கொடுக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் அவர் திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் போய்க் கேட்டேன். பார்த்தாராம். ஒரு சந்தையில் பார்த்தாராம். நன்றாக இருக்கிறாளாம். சொல்லிவிட்டாராம்.

“அதுக்கு என்ன சொன்னா?”

“எதுலைன்னு கேட்டுச்சுங்க. அந்தக் கடைசி வரியிலுமாங்கன்னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கென்னங்க தெரியும்? பாஸ்னா பாஸ்தானே கண்ணு, அதுல என்ன எதுலங்கறேன்னு சொன்னேன்.”

அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் இலாகா முழுக்க அவர் மாதிரிதான் நினைத்தது. இன்றைக்கும் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாஸ் என்றால் பாஸ், ஃபெயில் என்றால் ஃபெயில், எண்பது என்றால் எண்பது. எதில் என்று கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குடகுச் சந்தையில் காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த மேஸ்திரி எங்கள் பக்கம் வரவில்லை. தொண்ணூறுகளில் நான் ரிட்டையர் ஆகி, இப்போது சேலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறேன். இந்த வெயிலில் ஜன்னலைத் திறந்தால் தூசிதான் வருகிறது, பனி எங்கே வரும்? மலையை நினைத்தால் எனக்கு ஏரியும் பேரிக்காய் மரமும் ஞாபகம் வருவதில்லை. பின்பெஞ்சிலிருந்து வரும் அந்தக் குரல்தான் வருகிறது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிரேடு எப்படிப் போடுவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் கடைசியில் சொல்வது ஒன்றுதான். நீங்கள் போடுகிற எழுத்தைப் பார்த்து ஒரு பிள்ளை ‘எதில்?’ என்று கேட்டால், பதில் உங்கள் வாயில் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எழுத்தைப் போடாதீர்கள்.

என்னிடம் பதில் இருந்தது. போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆமாம் கண்ணு, அதிலும்தான். எல்லாவற்றையும்விட அதில்தான்.